மேல்வீட்டுக்காரரின் நீர் மாத்திரை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். காலையில் எல்லோரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவரவர் மூலைக்குப் போகும்போது, அவர் மட்டும் டவர் கிரேனின் இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து, ஏணிக்கு மேல் ஏணியாக ஏறிப் போவார். உச்சியில் கண்ணாடி அடைத்த ஒரு சின்னக் கூண்டு. ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு பிடி, காலுக்கடியிலும் கண்ணாடி. ஏறினால் ஏறியதுதான், வேலை முடிந்துதான் இறங்குவார்.

"மேல்வீட்டுக்கு வாடகை எவ்வளவுண்ணே?" என்று கம்பி கட்டுகிறவர்கள் கேட்பார்கள்.

"வாடகையே இல்லப்பா. தண்ணி, கக்கூஸ் வசதியும் இல்ல," என்பார்.

கை நிதானமான ஆள். ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கிப் போய், தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி வைப்பார். கீழே நின்று வாக்கி டாக்கி என்கிற கைக்கருவியில் வழி சொல்வது அவர் மனைவியின் தம்பி. "கொஞ்சம் வலது மாமா, இன்னும் கொஞ்சம், போதும்" என்று நாள் முழுக்க மச்சானின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டிக்கொண்டவளோடு பேசியதைவிட அவள் தம்பியோடு பேசியதுதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவிப் பெட்டியால் விரிப்புகளைத் தேய்த்து மடித்து அடுக்குவாள். அவளுக்கும் நாள் முழுக்க நின்றபடி வேலை.

அவருடைய கால் வீங்கியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அவர் காலுறையைக் கழற்றியபோது, அது இருந்த இடத்தில் கயிறு கட்டிய மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய குழி அப்படியே நின்றது.

"இது என்னங்க, பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி இருக்கு? நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கிளினிக். அங்கே சாயங்காலத்தில் உட்காரும் டாக்டரம்மா காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பார்க்கிறவர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, எண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தரம் அடித்துப் பார்த்தார். இருதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். அவை பழுதில்லை என்று வந்தது. பிரஷர் மட்டும் நிறைய ஏறியிருந்தது. உடம்பில் நீர் கோத்திருந்தது.

"இது பிரஷர் மாத்திரை. இது நீர் மாத்திரை, காலைல ஒண்ணு. போட்டதும் அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதீங்க, உடம்புல தங்கின தண்ணிதான் போகுது. ராத்திரி போட்டா தூக்கம் கெட்டுடும், அதனாலதான் காலைல. உப்பைக் குறைங்க. ரெண்டு வாரத்துல வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க, மறக்கக் கூடாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டட வேலைங்க," என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. இதே கம்பெனியின் வேறு ஓர் இடத்தில் அவரோடு தொழில் கற்ற ஒருவருக்குப் பிரஷர் என்று தெரிந்ததும் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது அவர் வாசலில் உட்கார்ந்து லாரிக்கு நேரம் குறிக்கிறார். பார்க்கும்போதெல்லாம் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். அந்தப் பிடி மேல்வீட்டுக்காரருக்கு மறக்கவில்லை.

மறுநாள் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏறி உட்கார்ந்து முதல் சுமையைத் தூக்கும்போதே அடிவயிறு கனத்தது. முன்பெல்லாம் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி இருந்தது. கிரேன் ஓட்டுகிற எல்லோரையும் போல அவரும் அகலவாய் பாட்டில் ஒன்று வைத்திருந்தார். ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் கூண்டுக்குள் காமிரா வைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் தெரிந்துகொள்ளத்தானாம். "முகத்தைத்தான் பாக்கும்," என்று மாட்ட வந்தவர் சொன்னார். அது எது வரைக்கும் பார்க்கும் என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டில் அன்றோடு போயிற்று. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சமாளித்து வந்தார்.

இது அப்படிச் சமாளிக்கிற சங்கதி இல்லை. கைக்கருவியை எடுத்தார்.

"மச்சான், ஒரு தரம் கீழ வந்துட்டுப் போறேன்."

"என்ன மாமா?"

பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசரின் குரல் வந்தது. "இப்பத்தானே ஏறினீங்க? கான்கிரீட் வண்டி நிக்குது. ஊத்தாம விட்டா இறுகிப் போயிடும்."

அந்த அலைவரிசையை அங்கே எல்லோரும் கேட்பார்கள். யாரோ ஒருவர், "மேல்வீட்டுல குழாய் ஒழுகுதாம்," என்றார். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார், போனார், மறுபடி ஏறினார். முட்டி இரண்டும் நெருப்பாக எரிந்தன. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்குவதற்குள் திரும்பவும் வந்துவிட்டது.

இந்தத் தரம் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கான்கிரீட் தொட்டி மேலே வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. கண்ணாடிக்கு வெளியே அத்தனை ஆகாயம், எந்தப் பக்கம் பார்த்தாலும் திறந்தவெளி. அவருக்குக் காலை நீட்ட இடமில்லை. தொடை இரண்டையும் நெருக்கிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய, காமிராவுக்கு முகத்தை மட்டும் நிதானமாகக் காட்டிக்கொண்டு சுமையை இறக்கினார். அன்று சாயங்காலம் அவர் இறங்கி ஓடிய ஓட்டத்தை யாரும் பார்க்காதது அவருடைய நல்ல காலம்.

அதன்பிறகு அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். வேலை நாளில் நீர் மாத்திரை வேண்டாம். விட்டதை ஞாயிற்றுக்கிழமை முடிந்த அளவு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். யந்திரத்துக்கு வாரத்துக்கு ஒருமுறைதானே கிரீஸ் வைக்கிறோம், உடம்பும் ஒரு யந்திரம்தானே என்று நினைத்தார். கிரேன் விஷயத்தில் ஒரு திருகாணியைக்கூடக் கேட்காமல் தொடாதவர், சொந்த உடம்பில் இஷ்டத்துக்குக் கை வைத்தார்.

வாரத்தின் நடுவில் கால் மறுபடி பருத்துக்கொண்டு வரும். பூட்ஸின் கயிற்றைத் தளர்த்திக் கட்டுவார். ஏணி ஏறி முட்டி வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். கூண்டில் பேச்சுத் துணைக்கு மச்சான், வாய்த்துணைக்கு உப்புத் தூவிய வறுவல் பொட்டலம். டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னது நினைவுக்கு வரும். இதையும் விட்டுவிட்டால் அப்புறம் நாள் முழுக்க என்னதான் செய்வது என்று தோன்றும்.

"மாத்திரை போடறீங்கதானே?" என்று மனைவி கேட்பாள்.

"போடறேம்மா."

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அட்டையிலும் மாத்திரைகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. எந்தக் கிழமையில் குறைந்தன என்று அட்டை சொல்லாது.

ஞாயிறு வந்தால் வேறு சிறை. மூன்று நான்கு மாத்திரைகளை ஒன்றாக விழுங்கிவிட்டு, கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருப்பார். மகள் வீட்டுக்குப் போகலாம் என்றால், பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று தட்டிக்கழிப்பார். "அங்க போனா மாப்பிள்ளை பேசியே கொல்றாரு" என்று காரணம் சொல்வார். பாவம், அந்த மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். ஆறு நாள் கூண்டில், ஏழாவது நாள் கழிவறை வாசலில். கெண்டைக்கால் சதை திடீரென்று முறுக்கிக்கொண்டு இழுக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொள்வார். ஆனால் திங்கட்கிழமை காலையில் கால் வற்றிப்போய், பூட்ஸ் சுலபமாக நுழையும். பார்த்தாயா, என் கணக்குச் சரிதான் என்று நினைத்துக்கொள்வார்.

ரத்தம் கொடுக்கப் போகவேண்டிய நாள் வேலை நாளாக இருந்தது. போகவில்லை.

கோடை நன்றாக ஏறியிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை, கெட்டுப்போன எதையோ தின்று வயிற்றால் போக ஆரம்பித்தது. ஞாயிறும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தால் மறுபடி போகிறதே என்று அதையும் நிறுத்தினார். ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. வாரக் கணக்கை எப்படி விடுவது? வழக்கம்போலச் சேர்த்தே போட்டுக்கொண்டார்.

திங்கள் காலையில் ஏணி நீண்டுகொண்டே போனது. இடையில் இருக்கும் தட்டுகளில் நின்று நின்று ஏறினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கூண்டுக்குள் விசிறி சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. அன்றைய வேலை, கான்கிரீட்டில் வார்த்துக் கொண்டுவந்த சுவர்ப் பலகைகளைத் தூக்கி வைப்பது. ஒவ்வொன்றும் ஓர் அறைச் சுவர் அளவுக்கு இருக்கும். முதல் இரண்டையும் வைத்தாயிற்று. மூன்றாவது, அந்தரத்தில் ஆட்களின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அப்புறம் இரண்டு மூன்று துடிப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. வலது கை விரல்கள் தாமாக உள்ளே மடங்கின. கெண்டைக்கால் கல்லானது.

பிடியை விட்டால் கிரேன் நின்றுவிடும், அது அவருக்குத் தெரியும். ஆனால் பலகை ஆட்களுக்கு மேலேயே தொங்கும். காற்று வேறு ஆரம்பித்திருந்தது.

"மச்சான். கீழ இருக்கிறவங்களை எல்லாம் ஒதுக்கு."

"என்னாச்சு மாமா?"

"கை நிக்க மாட்டேங்குது. பின்னால காலி இடத்துல எறக்கப் போறேன். நீ வழி சொல்லு. நிறுத்தாம சொல்லிக்கிட்டே இரு."

மச்சான் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். இடது கையால் வலது கையைப் பிடிமேல் அழுத்திவைத்துக்கொண்டு, அந்தச் சுவரை மணல் குவித்த பக்கமாகத் திருப்பி, தரை தொடும்வரை கண்ணைச் சிமிட்டாமல் இறக்கினார். "வச்சாச்சு மாமா, கொக்கி கழட்டியாச்சு," என்ற பிறகுதான் கையை விட்டார்.

"என்னால இறங்க முடியாதுடா," என்றார். மச்சானை அவர் 'டா' போட்டு அழைத்தது அதுதான் முதல் தரம்.

மச்சானும், கொக்கி மாட்டுகிறவர் ஒருவரும் ஏறி வந்தார்கள். கூண்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கொக்கி மாட்டுகிறவர் வெளியே கம்பித் தட்டில் நின்றார். மேல்வீட்டுக்காரரை எப்படியோ சரித்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார்கள். கீழே சூப்பர்வைசர் தீயணைப்புக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"என்ன மாமா, என்ன சாப்பிட்டீங்க? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

கண்ணாடிக்கடியில் தெரிந்த தரையைப் பார்த்தபடி அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை, ஞாயிறு, காமிரா, வயிற்றுப்போக்கு. மச்சான் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டு டாக்டரம்மாவைப் பிடித்தாள். பதில் சுற்றி வந்தது: நினைவோடு இருந்தால் வாய் நனைகிற அளவுக்குத் தண்ணீர் கொடுங்கள், எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம், ஏணியில் இறங்கவிடாதீர்கள், மாத்திரை அட்டையை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள்.

தீயணைப்பு ஆட்கள் வந்து சேர்ந்து, கயிறு கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தார். நெஞ்சு ஓடும், நிற்பது போலிருக்கும், மறுபடி ஓடும். இங்கேயே செத்துப்போனால் எப்படி இறக்குவார்கள் என்று யோசனை வந்தது. கடைசியில் ஒரு தூளியில் கட்டி, கிரேன் கோபுரத்தின் ஓரமாகக் கயிற்றில் விட்டார்கள். இத்தனை வருஷம் சாமான்களை ஏற்றி இறக்கியவர் அன்று தானே ஒரு சாமானாக இறங்கினார். கம்பி கட்டுகிறவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். 'நான் இன்னும் போகலடா' என்று சொல்ல நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். கையில் சொட்டுசொட்டாக மருந்து ஏறியது. மறுநாள் டாக்டரம்மா வார்டு பார்க்க வந்தபோது, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு நாள் சாப்பாட்டை ஒரே நாள்ல சாப்பிடுவீங்களா?"

"மாட்டேங்க."

"மாத்திரையை மட்டும் எப்படிப் போட்டீங்க? அது தண்ணியை மட்டும் வெளிய தள்றதில்ல. கூடவே உப்புச் சத்து, பொட்டாசியம் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகும். பொட்டாசியம் குறைஞ்சா சதை இழுக்கும், நெஞ்சு தாளம் தப்பும். உங்களுக்கு நேத்து ரெண்டும் நடந்துச்சு. அதைப் பாக்கத்தான் ரத்தம் குடுக்க வாங்கன்னேன். ஒரு நாள் மறந்தா மறந்ததுதான், அதுக்காக அடுத்த தரம் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தி, வயித்துப்போக்குன்னு உடம்புத் தண்ணி போற நாள்ல, போடறதா விடறதான்னு எனக்கு ஒரு போன் பண்ணணும். அந்த வலி மாத்திரை இதோட சேர்ந்தா பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும்."

"வாழைப்பழம் நிறையத் தின்னா பொட்டாசியம் வந்துடும்னு பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாருங்க."

"அவரு வைத்தியம் அவரோட இருக்கட்டும். சில மாத்திரை போடறவங்களுக்குப் பொட்டாசியம் கூடினாலும் ஆபத்து. உங்க ரத்தத்தைப் பாத்துட்டு நான் சொல்றேன்." பிறகு, "என்ன வேலைன்னு ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"கட்டட வேலைன்னு சொன்னேனே."

"கட்டடத்துல எங்கேன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா, வேலை முடிஞ்சு இறங்கினதும் போட்டுக்கங்கன்னு நேரத்தை மாத்திக் குடுத்திருப்பேன். வேற மருந்தும் இருக்கு. நானும் அன்னைக்கு இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்."

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகப் போயின என்று முதலில் தோன்றியது. அப்புறம், சொல்லியிருந்தாலும் விஷயம் கம்பெனிக்குப் போகாமல் இருந்திருக்குமா என்று தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சூப்பர்வைசர் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். உட்காராமல் நின்றார்.

"எனக்குத் தெரியாதுண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இறக்கி விட்டிருப்பீங்க."

சூப்பர்வைசர் பையைக் கட்டிலின்மேல் வைத்தார். "ஆமா," என்றார். பொய் சொல்லாததற்காக அந்த மனிதர்மேல் மேல்வீட்டுக்காரருக்கு ஒரு மரியாதை வந்தது.

மனைவி இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அவர் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க மட்டும்தான் அடக்கிட்டு இருக்கறதா நினைச்சீங்களா? எங்க சலவைக்கூடத்துல இடைவேளைக்கு முன்னாடி போனா பேர் எழுதுவாங்க. நாங்க அத்தனை பேரும் தண்ணி குடிக்காமத்தான் நிக்கறோம். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

அவர் அவள் காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதைப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரமே அவளையும் கிளினிக்குக் கூட்டிப்போனார். அவளுக்குப் பிரஷர் சரியாக இருந்தது. சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றியிருந்தது. அவளுக்கும் மருந்து எழுதினார்கள்.

கம்பெனி அவரைச் சாமான் அறையில் போட்டது. தகரக் கூரை, ஜன்னல் இல்லை. கையுறையும் இடுப்புப் பட்டையும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கவேண்டும். கண்ணாடிக் கூண்டிலிருந்து தகரக் கூண்டு. நினைத்த நேரத்துக்குக் கழிவறை போகலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். வேலை முடிந்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார், ஒன்றே ஒன்று. காலையில் எழுந்ததும் எடை பார்த்தார். ஓரிரு நாளில் எடை சட்டென்று ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்லவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரத்தம் கொடுக்கும் நாளைத் தவறவிடவில்லை. வறுவலை விட்டார். முதல் சில வாரங்கள் எது தின்றாலும் வாய் சப்பென்று இருந்தது, சாமான் அறையைப் போலவே. படுக்கையிலிருந்து எழுந்தால் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு நின்றார். கால் வற்றியது, சதை இழுப்பது நின்றது. பிரஷரும் மெல்ல மெல்ல இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. ஆனாலும் கைக்கருவியில் மச்சானின் குரல் வேறு யாருக்கோ வழி சொல்வதைக் கேட்கும்போது, அவர் விரல்கள் மேசைக்கடியில் தாமாக அசையும்.

அந்த வேறு யாரோ ஒரு பெண். துறைமுகத்தில் பல வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர், கிட்டத்தட்ட அவர் வயசு. தீயணைப்புக்காரர்கள் எழுதிய அறிக்கையில், வெயில் காலத்தில் ஒரே ஆளை நாள் முழுக்க உச்சியில் உட்கார்த்தி வைக்கக் கூடாது என்று இருந்ததாம். அதனால் அரை நாளுக்கு ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். கம்பெனி டாக்டர் ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு, மேல்வீட்டுக்காரருக்குக் காலை நேரம் மட்டும் ஏறலாம் என்று கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள், ஒரு எண் தப்பினாலும் இறக்கிவிடுவார்கள். சாயங்காலம் போட்டுவந்த மாத்திரையை டாக்டரம்மா மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

திரும்பவும் ஏறிய முதல் நாள் ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று ஏறினார். கூண்டு சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. காமிரா அதே இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு சுமையைத் தூக்கும்போதும் வலது கை விரல்களை ஒருதரம் பார்த்துக்கொண்டார். மதியம் இறங்கி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாமான் அறை வாசலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அந்தப் பெண் மேலே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்தில் கிடந்த கைக்கருவியில் அவர் குரல் கேட்டது.

"சுமை மாட்டாதீங்க. நான் ஒண்ணுக்குப் போகணும், இறங்கி வர்றேன்."

மேல்வீட்டுக்காரர் எடுத்த கவளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"சரிம்மா," என்றார் சூப்பர்வைசர். "பாத்து இறங்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஏணியில் இறங்கி வருவது இரும்புக் கம்பிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியில் ஈ வந்து உட்கார்ந்ததைக்கூட விரட்டவில்லை.

"என்ன மாமா, சாப்பிடலையா?" என்று மச்சான் கேட்டார்.

"சாப்பிடறேன்," என்றார். ஆனால் அந்தப் பெண் தரையில் கால் வைத்த பிறகுதான் கவளத்தை வாயில் போட்டார்.